வெளுத்தால் போய்விடும்

திருச்சிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் ரவூப் பாய் சத்தம் போடுகிற ஆளாக இருந்திருந்தால் பனியன் கம்பெனி முதலாளி அர்த்தநாரிக்குக் கவலையே இல்லை. சத்தம் போடுகிற வியாபாரியை எப்படி இறக்குவது என்பது அவருக்குப் பிறந்த வீட்டிலேயே படிந்த பாடம். ஒரு காப்பி, அந்த ஊர் மழை தண்ணீரைப் பற்றி ஒரு விசாரிப்பு, போட்டிக் கடைக்காரனைப் பற்றி நாலு வார்த்தை. சத்தம் தானாகத் தணிந்துவிடும். பாய் அந்த ரகம் இல்லை. மார்கழிக் காலை ஒன்றில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கம்பெனிக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பனியனை எடுத்து, அதன் வயிற்றில் சுட்டுவிரலை விட்டு, முதுகுப் பக்கம் வெளியே வந்த விரலை அர்த்தநாரியைப் பார்த்து மெல்ல ஆட்டினார்.

"ஒரே ஒரு தடவை தொவைச்சதுங்க," என்றார். அவ்வளவுதான்.

பனியனின் கழுத்தில் கொண்டைச்சேவல் மார்க் லேபிள் சிரித்துக்கொண்டிருந்தது. அர்த்தநாரி சொந்தமாக யோசித்து, கோயம்புத்தூர் ஆர்ட்டிஸ்டிடம் கொண்டையைப் பெரிதாக்கச் சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்பி வாங்கிய சேவல். அந்தச் சேவலைத் தெற்கே தூக்கிக்கொண்டு போனதே பாய்தான். பாய் கை விட்டால் அதைக் கூவச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

ஓட்டை எங்கிருந்து வந்தது என்று பாய் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அர்த்தநாரி. சொன்ன வாய் மூடவில்லை, தனக்கு அது துளிகூடத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. பம்பாயில் பஞ்சு என்ன விலை, மூலனூர் சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை, சாமளாபுரத்தில் எந்தத் தறிக்காரன் எவனிடம் கடன் கேட்டு நிற்கிறான் என்றெல்லாம் காப்பிக் கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிற மனிதர். சொந்தக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்பதற்கு மட்டும் அவரிடம் ஒரு தகவலும் இல்லை.

ஒரு பனியன் பல வாசல் ஏறி இறங்கித்தான் பிறக்கிறது. மில் நூல் முதலில் அர்த்தநாரியின் கொட்டகைக்கு வரும். அங்கே நிட்டிங் மிஷின்களை மேய்ப்பவன் அவர் மனைவி ரங்காத்தாளின் தம்பி வெள்ளியங்கிரி. அவன் பின்னித் தள்ளுகிற பழுப்புத் துணி, ரத்தினசாமியின் ஒற்றை மாட்டு வண்டியில் ஏறி நொய்யல் கரைக்குப் போகும். அங்கே சுப்பண்ணனின் சலவைப் பட்டறை. துணியை வேகவைத்து, பிளீச்சிங் தொட்டியில் ஊறப்போட்டு, கடைசியில் லேசான ஆசிட் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் காயப்போட்டால் கொக்கு இறகு தோற்கும். அது திரும்பி வந்து, வெட்டுப்பட்டு, தையலுக்குப் போய், மருதம்மாள் கையால் இஸ்திரி வாங்கிப் பெட்டிக்குள் படுக்கும்.

இந்த வாசல்களுக்கு இடையே ஒரு மரியாதை இருந்தது. எழுதாத சட்டம். மூட்டையைக் கொடுத்தவர் நிற்கும்போது வாங்கியவர் அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்தால், உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எல்லாரும் ஒருவகையில் சொந்தம், அல்லது சொந்தத்துக்குச் சொந்தம். நாளைக்கு ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். அதனால் மூட்டை கை மாறும், "நல்லா இருக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி, "நல்லா இருக்குதுங்க" என்று ஒரு பதில். கொடுத்தவர் தெருமுனை திரும்புகிறவரை வாங்கியவர் மூட்டையின் பக்கமே பார்க்க மாட்டார். அவர் திரும்பிய பிறகு வேறு வேலை வந்துவிடும்.

அர்த்தநாரி அன்றே விசாரணையைத் தொடங்கினார். வெள்ளியங்கிரி சொன்னான், நம்ம கொட்டகையில் இருந்து நல்லாத்தான் போச்சு மச்சான், சலவையில் பிளீச்சிங் தூளை அள்ளிக் கொட்டியிருப்பாங்க. சுப்பண்ணன் சொன்னார், எங்க கைக்கு வர்றப்பவே மிஷின் ஊசி கடிச்சிருக்குமுங்க, நாங்க வெளுத்தோம், அவ்வளவுதான். வெட்டுகிறவர் தையலைக் கைகாட்டினார். தையல்காரர்கள் சேர்ந்தாற்போல இஸ்திரியைப் பார்த்தார்கள். மருதம்மாளுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் அவள் திருச்சியைக் கைகாட்டினாள். அந்த ஊரில் துணியைக் கல்லில் அடித்துக் கொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தவர் யாரோ சொன்னார்களாம்.

தை, மாசி முழுக்க அர்த்தநாரி ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று பார்த்தார். ஓட்டை என்ன, ஓட்டையின் நிழல்கூட இல்லை. துவைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், சேவல் அசையவில்லை. முதலாளி நேரில் வந்து நின்றதில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. எல்லாம் சரி பண்ணிவிட்டேன் என்று பாய்க்குக் கடுதாசி போட்டார். பாய் நம்பி மறுபடி சரக்கு எடுத்தார்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. ஆடியில் பாய் வந்தார். அதே பெஞ்ச், அதே விரல். இந்தத் தடவை இரண்டு விரல்.

"முதலாளி, ஒரு வார்த்தை சொல்லிடறேன்," என்றார். "ஓட்டை விழுறது எனக்குப் பெரிசு இல்ல. நூலுன்னா அறும், துணின்னா கிழியும். ஆனா சரி பண்ணிட்டேன்னு எழுதினீங்களே, எதைச் சரி பண்ணினீங்க?"

அர்த்தநாரி காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே கை காட்டினார். பாய் நிறுத்தவில்லை.

"தீபாவளிச் சரக்குக்கு நான் ஆர்டர் எழுதணும். புரட்டாசி கடைசியில வர்றேன். எந்த எடத்துல விழுதுன்னு சொல்லுங்க, எடுத்துக்கறேன். 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொன்னீங்கன்னா, காப்பியைக் குடிச்சிட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிடுவேன். அதுக்கு அப்புறம் நாம சலாம் மட்டும் வச்சுக்கலாம்."

அதன் பிறகு அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. திருடன் என்றால் கண்ணுக்குத் தெரிவான். இது வீட்டுக்குள்ளேயே எங்கோ உட்கார்ந்துகொண்டு, தேடும்போது இல்லாமல் போய், கைகழுவியதும் திரும்பி வருகிறது.

எந்த மிஷின் துணி எங்கே போகிறது என்பதாவது தெரிந்தால் தேவலை என்று, துணிச் சுருளின் ஓரத்தில் மசியால் அடையாளம் போடச் சொன்னார். சலவைக்குப் போய் வந்த துணியில் மசி இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. சுப்பண்ணனின் பட்டறைக்கு இது பெருமை. வெளுப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று தலையைத் தடவிக்கொண்டார். அடுத்து வெள்ளியங்கிரி ஒரு யோசனை சொன்னான். மிஷினுக்கு ஒரு நிறம் என்று கலர் நூலை ஓரத்தில் தைத்துவிடுவோம் மச்சான், நூலை எப்படி வெளுப்பாங்க? நல்ல யோசனை. சிவப்பு நூலைக் கடையில் எந்தச் சாயம் என்று கேட்காமல் மலிவாகப் பேசி வாங்கியவர் அர்த்தநாரி. தொட்டியில் இருந்த துணி முழுவதும் இளஞ்சிவப்பாகத் திரும்பி வந்தது. ஆண்பிள்ளை எவனும் போடமாட்டான் என்று மருதம்மாள் முடிவு சொல்லிவிட்டாள். கொட்டகையில் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் முதலாளி.

கடைசியில் ரங்காத்தாள்தான் எரிச்சலோடு கேட்டாள். அவர் தினமும் ஒரு பனியனைக் கொண்டுவந்து துவைக்கச் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, எல்லாம் முடிஞ்சு பெட்டியில போட்டதுக்கப்புறம் கொண்டாந்து என்ர தலையில கட்டறீங்களே. நடுவுல நடுவுல ஒரு துண்டு வெட்டிக் கொண்டாந்தா ஆகாதுங்களா?"

நல்ல யோசனை என்று அர்த்தநாரிக்கு உடனே பட்டது. சட்டென்று ஒப்புக்கொண்டால் வீட்டில் மரியாதை போய்விடும் என்று, ஏற்கெனவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மிஷினிலிருந்து இறங்கியதும் ஒரு துண்டு, சலவையிலிருந்து வந்ததும் ஒரு துண்டு என்று கத்தரிக்கோலும் கையுமாகத் திரிந்தார். ரங்காத்தாள் அவற்றைக் கல்லில் அடித்துத் துவைத்தாள். பல நாள் ஒன்றும் இல்லை. புரட்டாசி பிறந்து வானம் இருண்டதும் மழைச் சாரல், அப்புறம் நல்ல மழை. அந்த வாரத்துத் துண்டுகளில் மிஷினிலிருந்து நேராக வந்தது முழுசாக இருந்தது. சலவையிலிருந்து வந்ததில், துவைத்துப் பிழிந்து உதறியபோது, வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

அர்த்தநாரிக்கு இரத்தம் கொதித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு நொய்யல் கரைக்கு ஓடினார். சுப்பண்ணன் அவரைவிட மூத்தவர், ரங்காத்தாளுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. துண்டை வாங்கி ஆகாயத்தைப் பார்த்துப் பிடித்தார். முகம் இறுகியது. வெளுப்புத் தொழிலுக்கு இரும்பு ஆகாது என்று தன் பட்டறையில் ஒரு ஆணிகூட இல்லாமல் கல் தொட்டி, மரக் கொம்பு, கயிறு என்று வைத்திருக்கிறவர் அவர். ஊரில் எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சலிப்பூட்டுகிறவரும்கூட.

"மாப்பிள்ளை, நீங்க என்ர மேல பழி போடறீங்க. சரி. உங்க மிஷின்ல இருந்து ஒரு சுருளை நீங்களே தோள்ல தூக்கிட்டு வாங்க. உங்க முன்னாலயே வெளுக்கறேன்."

தூக்கி வந்தார். மழையில் வேட்டியைத் தலைக்கு மேல் பிடித்து, துணி நனையாமல் மார்போடு அணைத்து, பிள்ளையைத் தூக்கிவருவது போல வந்தார். சுப்பண்ணன் வெளுத்தார். ரங்காத்தாள் அடித்தாள். துணி கல்லு மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

அன்றைக்கு அர்த்தநாரி துவைக்கிற கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டகை நல்லது. பட்டறை நல்லது. இரண்டும் நல்லது, சேர்ந்தால் ஓட்டை. இதைப் பாயிடம் போய் எப்படிச் சொல்வது? எல்லாம் நல்லா இருக்குங்க பாய், பனியன்தான் சரியில்லை என்றா?

"பேசாம ஒரு கிடா வெட்டிருங்க," என்றாள் ரங்காத்தாள், ஈரத் துணியைக் கொடியில் போட்டபடி. கேலியா நிஜமா என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாளும் தூறல். ரத்தினசாமி வழக்கம்போல வண்டியில் துணி ஏற்றினான். அர்த்தநாரிக்கு வேறு யோசனை எதுவும் மிச்சமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். முதலாளி பின்னால் வருவதைப் பார்த்த ரத்தினசாமி பயந்துபோய், ஏதாவது தப்பாப் போச்சுங்களா என்று வழி நெடுகக் கேட்டான். தார்ப்பாய் மேலேதான் போட்டிருந்தது. சக்கரம் வாரியடித்த தண்ணீர் கீழ்ப்பலகை இடுக்கில் ஏறிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் மாட்டை அவிழ்த்து, மூட்டையைப் புரட்டி இறக்கினார்கள். அடிப்பக்கம் மேலே வந்தது. அதில் டீத்தூள் சிந்தியது போல, காவி நிறத்தில் புள்ளிகள்.

"இது என்னடா?"

பட்டறை ஆள் ஒருவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "அது மழைக்காலத்துல எப்பவும் இருக்கறதுதானுங்க. வெளுத்தாப் போயிருமுங்க."

"எப்பவுமா?"

"ஆமாங்க. ஆசிட் தண்ணியில ஒரு முக்கு முக்குனா எடம் தெரியாமப் போயிருமுங்க. போன வருசமும் இருந்துச்சுங்க."

"ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லலை?"

அவன் நிஜமாகவே குழம்பினான். "போயிருதுங்களே. போறதைப் போயி எதுக்குங்க சொல்றது?"

இத்தனை மாதமாக அர்த்தநாரி தேடிய பதில் மழையடித்தபோதெல்லாம் இந்த வாசலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. பார்க்காதவர் யாரும் இல்லை. பார்த்ததை நாலு பேர் வெளுத்தும் விட்டிருக்கிறார்கள்.

அவர் வண்டியின் அடித்தட்டைக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் நிமிர மனம் வரவில்லை. பலகைமேல் முழு நீளத்துக்கும் ஒரு இரும்புத் தகடு, துரு ஏறிச் செந்நிறமாக இருந்தது. பலகையின் மரச் சிலாம்பு குத்தித் துணி இழுபடுகிறது என்று வெள்ளியங்கிரி ஒரு தடவை சொன்னபோது, பழைய இரும்புக் கடையில் வயிற்றுவலி வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிய தகடு. அதை அடித்துப் பொருத்தியபோது பக்கத்தில் நின்று, கெட்டிக்காரன் வேலை எப்படி என்று ரத்தினசாமியைக் கேட்டதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது.

சுப்பண்ணன் வந்தார். காவிப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தார். தகட்டைப் பார்த்தார். அந்தத் துணியில் கொஞ்சம் கிழித்து வெளுக்கப் போட்டார். முடிந்ததும் கறை இருந்த இடமே தெரியவில்லை; பால் வெள்ளை. இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தார். கறை இருந்த இடமெல்லாம் வாய் திறந்தது.

"இரும்புத் துரு ஒட்டுன எடத்துல பிளீச்சிங் வெறி புடிச்சுக் கடிக்குமுங்க மாப்பிள்ளை. அதுக்குத்தான் நான் ஒரு ஆணிகூட வைக்கறதில்லைன்னு ஊரெல்லாம் சொல்றேன்." பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கறை வந்துச்சுன்னு எங்காளுகளும் எங்கிட்டச் சொல்லலீங்க."

ஆட்கள் சொல்லியிருந்தாலும் சுப்பண்ணன் தன்னிடம் சொல்லியிருப்பாரா என்று அர்த்தநாரி நினைத்தார். மருமகப்பிள்ளை முறைக்காரரின் துணியில் அழுக்கு என்று சொல்வது மரியாதையா? தகட்டைப் பிடுங்கி வண்டியோரம் நிறுத்தி, அன்று சாயங்காலம் கம்பெனிக்கே தூக்கிவந்தார்.

புரட்டாசிக் கடைசியில் ரவூப் பாய் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தவர் எதிரே அர்த்தநாரி தகட்டை வைத்தார். பொருளின் குறையை வாங்குகிறவன் முன்னால் தூக்கி வைப்பது அவர் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். இருந்தாலும் சொன்னார். தகடு, மழை, துரு, பிளீச்சிங். வாங்கியது நான்தான் என்பதை மட்டும் கடைசியில், வேகமாகச் சொன்னார்.

பாய் தகட்டைத் தடவி, விரலில் ஒட்டிய துருவைப் பார்த்தார். "என்ன விலைக்கு எடுத்தீங்க?"

"பாதி விலைங்க."

"ஏமாந்துட்டீங்க," என்றார் பாய். சிரிக்கவில்லை. "சரி, இதைக் கழட்டிட்டீங்க. அடுத்த வருசம் வேற ஒண்ணு வரும். தகடா வராது, வேற எதுவாவது வரும். அது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா?"

அர்த்தநாரி பதில் சொல்லுமுன் பாய் எழுந்து உள்ளே போனார். இஸ்திரி மேஜையில் மருதம்மாள். அவளிடம், எல்லாம் நல்லா இருக்காம்மா என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் மருதம்மாள், விருந்தாளிக்குச் சொல்ல வேண்டிய குரலில். தையல் மிஷின்காரர்கள் தலையாட்டினார்கள். வெள்ளியங்கிரி, நம்மகிட்ட ஒரு கொறையும் இல்லீங்க பாய் என்றான். பாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்துவிட்டுக் கிளம்புகிற பார்வை அது.

அர்த்தநாரி மருதம்மாள் எதிரில் போய் நின்றார். நல்லா இருக்கா என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பதில்தான் உண்டு. கேள்வியை மாற்ற வேண்டும்.

"மருதம்மா, நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்குது? வெளுத்தாப் போறது, தொடைச்சாப் போறது, என்னவா இருந்தாலும் பரவாயில்லை."

அவள் பாயைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் எப்படிச் சொல்வது என்று கண்ணாலேயே கேட்டாள். சொல்லு என்றார் அர்த்தநாரி.

"ரெண்டு நாளா, கடைசி மிஷின் தையல்ல துணி இழுத்த மாதிரி இருக்குதுங்க. நான் தேச்சுவிட்டா மறைஞ்சு போயிருதுங்க."

கடைசி மிஷின்காரன் கோபித்துக்கொண்டு எழுந்தான். ஊசி மழுங்கிப்போச்சு, புது ஊசி கேட்டேன், மேஸ்திரி அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டார் என்றான். மேஸ்திரியான வெள்ளியங்கிரி, மச்சான் ஊசி விலையைக் கேட்டாலே முகம் சுளிக்கறார், நான் எப்படிக் கேட்பேன் என்றான். அதைக் கேட்டதும் வெட்டுகிற மேஜையிலிருந்து இன்னொருவர், ஊசி பேச்சு வந்ததால சொல்றேன், நூல் கட்டு ஒண்ணு ஈரமா வந்துச்சு, வெயில்ல போட்டா காஞ்சிரும்னு விட்டுட்டேன் என்றார். வாசலில் நின்ற ரத்தினசாமி, மாட்டுக்கு லாடம் தேஞ்சுபோச்சுங்க, அதுவும் சொல்லலாமுங்களா என்று கேட்டான். கூரை ஒழுகுவது, எண்ணெய் சொட்டுவது, தறிகெட்ட ஒரு பூனை என்று கொட்டகை முழுவதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. அர்த்தநாரிக்குக் காது அடைத்தது. அத்தனையும் வாங்குகிறவன் முன்னால். மானம் கப்பலேறியது.

பாய் எல்லாவற்றையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பெஞ்சுக்குத் திரும்பி, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"தீபாவளிக்கு எழுதிக்கறேன், முதலாளி. போன வருசத்து விலைக்கு இல்ல, கொஞ்சம் கொறைச்சுத்தான். மொதல்ல அந்தப் புது ஊசியை வாங்குங்க, எவ்வளவுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

"அது எப்படிங்க பாய், விலைன்னா..." என்று அர்த்தநாரி பழக்கதோஷத்தில் தொடங்கினார். உள்ளேயிருந்து மருதம்மாள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இன்னொண்ணு மறந்துட்டேனுங்க."

அர்த்தநாரி தலையில் கை வைத்துக்கொண்டு, எழுந்து போனார்.